மொலோனி வீட்டுக் கல்லறை

அடிக்கட்டும் விடும்மா. யாருன்னு எனக்குத் தெரியும். எடுத்தா அழுவா. பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு அழற பொம்பளைக்கு என்ன சமாதானம் சொல்றது? அதான் நேர்லயே போயிக்கிட்டு இருக்கேன்ல. வீட்டுக்கே போறவளுக்கு எதுக்கு ஃபோனு?

நீ எதுவரைக்கும், திண்டுக்கல்லா? நான் வையம்பட்டி. மணப்பாறை தாண்டுனதும் ஞாபகப்படுத்தும்மா, கண்ணு சரியாத் தெரியல. நேத்தும் இதே பஸ்ஸுக்குத்தான் வந்தேன். ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சேன், பஸ் கெளம்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன், வீட்டுக்குத் திரும்பிட்டேன். முட்டி வலின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முட்டி எப்பவும்தான் வலிக்குது.

என்ன அப்படிப் பாக்குற? கவுன் போட்ட கெழவி இம்புட்டுத் தமிழ் பேசுறாளேன்னா? பொன்மலைல பொறந்து பொன்மலைலயே நரைச்சவ நான். சட்டக்காரங்கன்னு சொல்வீங்கல்ல, ஆங்கிலோ இந்தியன், அந்தக் கூட்டம். பேரு டோரீன் மொலோனி. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனேன். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேக்காத, அது வையம்பட்டிக்குள்ள முடியாது.

எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன். என் தம்பிய மன்னிக்கப் போறேன்.

ஆமா, மன்னிக்கத்தான். சிரிக்காத.

லெஸ்லின்னு பேரு. எனக்கு அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்தவன். மம்மி ஒடம்பு முடியாம கெடந்ததால நான்தான் இடுப்புல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஸ்கூலுக்கு ஷூ மாட்டி விட்டது நானு, ஒர்க்‌ஷாப்ல வேலைக்குச் சேத்து விட்டது நானு. அங்க சவரிராஜ்னு ஒருத்தன், இவன் கூட்டாளி. ஒரே டிபன் பாக்ஸுல தின்னவனுங்க. ஒரு கிறிஸ்மஸ் சமயம், ரெண்டு பேரும் குடிச்சிருந்தானுங்க, ஏதோ வாய்த் தகராறு. இவன் ஒரு அடி அடிச்சான். ஒரே ஒரு அடிம்மா. அவன் பின்னால சாஞ்சு வாசப்படிக் கல்லுல மண்டை பட்டு, ஆஸ்பத்திரில கண்ணு முழிக்காமலே போயிட்டான்.

லெஸ்லிக்கு ஏழு வருஷம். வேலை போச்சு. வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? அதுவரைக்கும் எங்க வீட்டாளுங்க போலீஸ் ஸ்டேஷன் வாசல மிதிச்சதில்ல. மொலோனின்னா பொன்மலைல ஒரு மரியாதை. நான் ஒரு தடவகூட ஜெயிலுக்குப் போயி அவனப் பாக்கல. கேக் மட்டும் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் குடுத்து விடுவேன், அவன் பொண்டாட்டி கைல. என் பேரச் சொல்லாதன்னு சொல்லித்தான் குடுப்பேன். அந்தக் கேக்க வேற யாரு செய்வா, அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

மரியாதைன்னேன்ல. அதுக்குக் காரணமே எங்க கல்லறதான்.

எங்க வம்சத்துல மொதல்ல இந்த ஊருக்கு வந்தவரு டெனிஸ் மொலோனி. அயர்லாந்துக்காரரு. கம்பெனி காலத்துப் பட்டாளத்துல சிப்பாயா வந்து, திருச்சில இருந்தப்ப அருளாயின்னு ஒரு தமிழ்ப் பொண்ணக் கட்டிக்கிட்டாரு. ஒரு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அப்புறம் சின்ன வயசுலயே நாட்டுக்காக உயிர விட்டுட்டாரு. எந்த நாட்டுக்காகன்னு கேக்காத. மம்மி சொல்றப்ப நாட்டுக்காகன்னு மட்டும்தான் சொல்லும், சொல்லிட்டுச் சிலுவை போட்டுக்கும், அதுக்கு மேல கேக்கத் தோணாது.

பழைய கல்லறைத் தோட்டத்துல வேப்ப மரத்துக்குப் பக்கத்துல அவரு கல்லறை. செங்கல் கட்டு, தலைமாட்டுல ஒரு கல்லு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்துன நாள் அருளாயி தானே சுண்ணாம்பு கரைச்சு வெள்ளையடிப்பாளாம். கூலிக்கு ஆள் விட மாட்டாளாம். அவளுக்கப்புறம் அவ மருமக. அப்படியே வந்து எங்க பாட்டி, மம்மி, இப்ப நான். வீட்டுல மூத்த பொம்பள கையாலதான் அடிக்கணும். அடிக்கிறதுக்கு முன்னால கல்லோட அடியில நெத்திய வச்சு, "ஐயா, பொறுத்துக்குங்கய்யா"ன்னு சொல்லணும். தமிழ்லதான் சொல்லணும். வீட்டுல இங்கிலீஷ் பேசுற எங்க மம்மிகூட அங்க மட்டும் தமிழ்தான். எதுக்கு மம்மின்னு சின்னப் புள்ளைல கேட்டேன். கல்லறை மேல கால் படும்ல, சுண்ணாம்பு தெறிக்கும்ல, அதுக்குத்தான்னுச்சு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. கட்டுன புருஷன எந்தப் பொம்பள ஐயான்னு கூப்புடுவான்னு இத்தன வருஷத்துல எங்க யாருக்கும் தோணல பாரு.

கல்லுல பேரான்னு கேக்குறியா? எங்க தெரியுதும்மா! அருளாயி காலத்துலருந்து வருஷா வருஷம் சுண்ணாம்பு ஏறி ஏறி வெரக்கடை கனத்துக்கு நிக்குது. எழுத்த யாரும் கண்ணால பாத்ததில்ல. பேரு எதுக்கு? நம்ம தாத்தா பேரு நமக்குத் தெரியாதா?

அந்தக் குழியத் தெறந்து தெறந்துதான் அருளாயிலருந்து எங்க டாடி மம்மி வரைக்கும் எல்லாரையும் வச்சிருக்கு. எடம் பத்தாத ஊரு, குடும்பக் கல்லறைன்னா அப்படித்தான். இப்ப அது என் பேர்ல இருக்கு. நான் சரின்னு சொன்னாத்தான் வெட்டுறவன் மம்பட்டிய எடுப்பான்.

பாரு, மறுபடியும் அடிக்குது. இருக்கட்டும்.

லெஸ்லி பொண்டாட்டிதான். பாக்கியசீலின்னு பேரு, வையம்பட்டிக்காரி. நல்ல பொண்ணுதான், ஆனா ரோசம் கெடையாது. ஏன் சொல்றேன்னா, இவன் ஜெயில்ல இருக்கான், இவ கல்லறைத் திருநாள் வந்தா வாளியும் மட்டையுமா சவரிராஜ் கல்லறைக்குப் போயி வெள்ளையடிக்கிறா! ஊரே பாக்குது. மொத வருஷம் சவரிராஜோட அம்மா ஓடியாந்து வாளிய எட்டி ஒதைச்சுது. சுண்ணாம்பு பூரா மண்ணுல. இவ ரெண்டு கையாலயும் அள்ளி வாளில போடுறா. நான் எங்க கல்லறைகிட்ட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மறு வருஷமும் போனா. அந்தம்மா தள்ளி உக்காந்து பாத்துச்சு, வாளிய ஒதைக்கல. அதுக்கப்புறம் ஒரு வருஷம் பாக்குறேன், சுண்ணாம்பு கரைக்கத் தண்ணிய அந்தம்மாவே கொழாய்லருந்து புடிச்சுக் கொண்டாந்து வைக்குது. இவ கல்லுல நெத்திய வச்சு என்னமோ முணுமுணுக்குறா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. வீட்டுக்குக் கூப்புட்டு வச்சுத் திட்டுனேன். "ஏண்டி, நாங்கதான் கொன்னோம், நாங்கதான் கொன்னோம்னு வருஷா வருஷம் நீயே போயித் தமுக்கடிக்கணுமா?"ன்னேன்.

அவ என்ன சொன்னா தெரியுமா? "கொன்னது நாமதான அண்ணி"ன்னா.

நாமளாம். என்னையும் சேத்து.

லெஸ்லி வெளிய வந்ததும் ரெண்டு பேரும் வையம்பட்டிக்கே போயிட்டாங்க. அங்க ஒரு சைக்கிள் கடைல வேலை பாத்தான். குடி சுத்தமா கெடையாது. ஆனா ஈரல் ஏற்கனவே கெட்டுப் போயிருந்துச்சு. போன மாசம் பாக்கியசீலி வந்தா. கதவத் தெறந்தா நிக்கிறா, கைல ஒரு சீப்பு வாழப்பழம்.

"டாக்டரு கைய விரிச்சிட்டாங்க அண்ணி. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. அத்தை மாமா கூட அந்தக் கல்லறைலயே படுக்கணுமாம். நீங்க சரின்னு சொன்னாப் போதும்"னா.

நான் என்ன சொன்னேன்? சொல்லத்தான் வந்தேன், இப்ப சொல்றதுக்கு வாய் கூசுது. "அது ராணுவத்துல மானத்தோட செத்தவரு கல்லற. ஆளக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போனவன அதுல வைக்க முடியாது. நாளைக்கு அங்க போயி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெள்ளையடிப்பேன்?"னேன்.

அவ அழல. செருப்ப மாட்டிக்கிட்டா. "அப்ப நான் வேற எடம் பாக்குறேன் அண்ணி"ன்னு படியெறங்கிப் போயிட்டா. வாழப்பழத்த வச்சிட்டுத்தான் போனா. நான் திங்கல, கறுத்துப் போயிக் குப்பைல போட்டேன்.

முறுக்கா? வேணாம்பா, பல்லு தாங்காது. மணப்பாறை வந்துடுச்சா? சரி சரி, இன்னும் நேரம் இருக்கு.

அப்புறம்தான் அந்த மனுசன் வந்தாரு. போன சனிக்கிழமை. பங்குச் சாமியார் கூட்டிக்கிட்டு வந்து விட்டுட்டுப் போனாரு. வெள்ளக்காரரு, நெட்டையா, என்னவிட வயசு கூட இருக்கும், தலைல தொப்பி. ஆஸ்திரேலியாவுலருந்து வர்றாராம். பேரு பிரெண்டன் மொலோனி. மொலோனின்னதும் எனக்குத் தலைகால் புரியல. இருக்குறதுலயே நல்ல கப்ப எடுத்து டீ போட்டுக் குடுத்தேன். அவரும் டெனிஸ் மொலோனி வம்சமாம்.

"அதெப்படி? டெனிஸுக்கு ஒரே புள்ள, அது எங்க வழியாச்சே"ன்னேன்.

அவரு சிரிக்கிறாரு. டெனிஸ் திருச்சில சாகவே இல்லையாம். கைதியாப் புடிச்சு, கால்ல வெலங்கு போட்டு, கப்பல்ல ஏத்தி சிட்னிக்கு அனுப்பிட்டாங்களாம். அங்க கல்லு ஒடைச்சு ரோடு போட்டுக் கெடந்து, வருஷக் கணக்காகி விடுதலை கெடைச்சு, அங்கயே இன்னொரு கல்யாணம் பண்ணி, ஆடு வளத்து, எட்டுப் புள்ள பெத்துக் கெழவனாகிச் செத்தாராம். திருச்சில ஒரு பொண்டாட்டியும் கைக்கொழந்தையும் விட்டுட்டு வந்தேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராம்.

"எதுக்குக் கைதியானாரு?"ன்னேன்.

"பட்டாளத்து பாரக்ஸுல குடிச்சிட்டு ஒரு சார்ஜண்ட அடிச்சிட்டாரு. துப்பாக்கிக் கட்டையால ஒரே ஒரு அடி. அந்த ஆளு செத்துட்டாரு. தூக்குன்னு தீர்ப்பாச்சு, அப்புறம் நாடு கடத்தல்னு மாத்துனாங்க"ன்னாரு.

ஒரே ஒரு அடின்னாரு. நான் எந்திரிச்சுப் போயி சர்க்கரை டப்பாவ மூடி வச்சேன். அது மூடித்தான் இருந்துச்சு.

இதுல என்ன கொடுமைன்னா, அவரு அதப் பெருமையாச் சொல்றாரும்மா! அவங்க ஊர்ல கைதி வம்சம்னா தனி கௌரவமாம், சங்கமெல்லாம் வச்சிருக்காங்களாம். எனக்கு வந்துச்சு பாரு கோவம். "மன்னிக்கணும் மிஸ்டர் மொலோனி, நீங்க தேடி வந்தது வேற ஆளு. எங்க டெனிஸ் இங்கதான் செத்தாரு, இங்கதான் கெடக்காரு. நாளன்னைக்குக் காலைல வாங்க, பேரச் சொரண்டியே காட்டுறேன்"னேன். நானாச் சொன்னேன். அவரு கேக்கவே இல்ல.

திங்கக்கிழமை காலைல போனோம். வாளில தண்ணி, தகடு, கம்பி பிரஷ்ஷு எல்லாம் எடுத்துக்கிட்டேன். வழக்கம் போல நெத்திய வச்சு, "ஐயா, பொறுத்துக்குங்கய்யா"ன்னேன். என்ன சொன்னீங்கன்னாரு. அர்த்தம் சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு.

சொரண்டச் சொரண்ட அடுக்கடுக்காப் பேந்து வருது. நீலம் கலந்த அடுக்கு மம்மி அடிச்சது, எனக்குத் தெரியும், மம்மி எதுலயும் கொஞ்சம் நீலம் போடும். அதுக்குக் கீழ பழுப்பு, அதுக்கும் கீழ யாரு அடிச்சதோ. மம்மி அடிச்சதத் தகடு வச்சுப் பேக்குறப்ப சாரி மம்மின்னேன். ஆனா நிறுத்தல. ரோசம்.

மொதல்ல நடுக் கல்லுல ஒரு எழுத்து தெரிஞ்சுது, இங்கிலீஷ் டி. "பாத்தீங்களா, டெனிஸ்!"னு கத்தியே போட்டேன். பக்கத்துல கல்லறை கழுவிக்கிட்டு இருந்த பொம்பள திரும்பிப் பாத்துச்சு. அவரும் மண்டி போட்டு உக்காந்து சொரண்ட ஆரம்பிச்சாரு. நான் மேல, அவரு கீழ. மேல சார்ஜண்ட்னு வந்துச்சு. எங்க டெனிஸ் வெறும் சிப்பாய்ம்மா. ஒருவேளை சாகுறதுக்கு முன்னால புரமோஷன் குடுத்திருப்பாங்களோன்னு நெனைச்சேன், பாத்துக்க, அப்பவும் அப்படி நெனைச்சேன். கீழ அவரு கை நின்னுடுச்சு. குனிஞ்சு பாத்தேன். ஜேம்ஸ் டெவரோன்னு இருக்கு. வருஷம் இருக்கு. கூட இருந்த சார்ஜண்ட்டுங்க காசு போட்டு வச்ச கல்லுன்னு இருக்கு. மொலோனின்னு ஒரு எழுத்து இல்ல.

அந்த மனுசன் தொப்பியக் கழட்டிட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. மொகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போச்சு.

"என் முழுப் பேரு பிரெண்டன் டெவரோ மொலோனி"ன்னாரு.

அவரு அப்பாவுக்கும் டெவரோ, அவரோட அப்பாவுக்கும் டெவரோவாம். மூத்த ஆம்பளப் புள்ளைக்கு அந்தப் பேரையும் சேத்து வைக்கணும்னு டெனிஸ் சொல்லிட்டுப் போனாராம். தான் கொன்ன ஆளு பேரு மறந்துறக் கூடாதுன்னு. "பேரு எங்ககிட்ட இருந்துச்சு, அவரு எங்க கெடக்காருன்னுதான் எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு. பெருமை பேசுன ஆளு அவரு. இப்ப கொழந்த மாதிரி அழறாரு.

எங்களுக்கு எடம் தெரியும், ஆளு யாருன்னு தெரியாது. நாங்களும் எங்க பாட்டிமாரும் கொள்ளுப் பாட்டிமாரும் கொல்லப்பட்ட ஆளோட கல்லறைக்கு வருஷா வருஷம் வெள்ளையடிச்சிருக்கோம். அதோட விட்டோமா? அவரு மேல எங்க ஆளுங்கள ஒவ்வொருத்தரா அடுக்கியும் வச்சிருக்கோம்.

அப்புறம் பிரெண்டன் கேட்டாரு, "காலைல நீங்க மன்னிப்புக் கேட்டீங்களே, அது யாருகிட்ட?"

எனக்கு அப்ப அருளாயி தெரிஞ்சா. இருநூறு வருஷத்துக்கு முந்துன பொம்பள எப்படித் தெரியும்னு கேக்காத. மண்ணுல கொட்டுன சுண்ணாம்ப ரெண்டு கையாலயும் அள்ளுன பொம்பளைய நான் பாத்திருக்கேன்ல. இதுவும் அதேதான். புருஷனக் கப்பல்ல ஏத்திட்டாங்க, கைல கொழந்த, கண்டோன்மென்ட் பூரா அவள என்ன பேசியிருக்கும். அவ வாளியத் தூக்கிக்கிட்டு செத்தவன் கல்லறைக்குப் போயி நெத்திய வச்சு, ஐயா பொறுத்துக்குங்கன்னு கேட்டிருக்கா. சாகுற வரைக்கும் கேட்டிருக்கா. அவ செத்தப்ப அதே குழில வைக்க யாரோ சம்மதிச்சும் இருக்காங்க. டெவரோவோட ஆளுங்க யாராவது இங்க இருந்தாங்களோ, கூட இருந்த சார்ஜண்ட்டோ, சாமியாரோ, யாரு கண்டா. எவரோ ஒருத்தர் போனாப் போகுதுன்னு எடம் குடுத்ததாலதான் எங்க டாடி மம்மிக்கே எடம்.

அப்பேர்ப்பட்ட எடத்தத்தான் நான் என் தம்பிக்கு இல்லைன்னேன்.

அவரு போறப்ப ஒண்ணு கேட்டுக்கிட்டாரு. அந்த எழுத்துக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் போடுங்க, மறுபடியும் மூடிறாதீங்கன்னாரு. சரின்னேன். கைய அழுத்திக் குடுத்துட்டுப் போனாரு.

அன்னிக்குச் சாயங்காலமே போயி மூடிட்டேன்.

திட்டாத. ஒரு கை அடிச்சா மறையலம்மா, வெட்டுன எழுத்தாச்சே. கெட்டியாக் கரைச்சு எழுத்துக்குள்ள அப்பி அப்பி மூடுனேன். இன்னும் ஒரு மாசத்துல கல்லறைத் திருநாள், ஊரே வரும். மொலோனி கல்லறைல டெவரோன்னு எழுதியிருந்தா கேக்க மாட்டாங்களா? கேட்டா நான் என்ன சொல்றது? அன்னிக்கு மட்டும் நெத்திய வைக்கல.

வீட்டுக்கு வந்ததுலருந்து சோறு எறங்கல. அதான் ஒரு முடிவுக்கு வந்தேன். லெஸ்லிகிட்ட போறேன். அக்கா ஒன்ன மன்னிச்சிட்டேன், டாடி மம்மி கூடப் படுத்துக்கன்னு சொல்லிடுறேன். அவன் சந்தோஷமாக் கண்ண மூடுவான். பாக்கியசீலியும் அண்ணி மனசு எறங்கிட்டாங்கன்னு நெனைப்பா. கல்லு சமாச்சாரத்த மட்டும் சொல்ல மாட்டேன். சாகப் போறவன்கிட்ட எதுக்கு அதெல்லாம்?

சொன்னா அவனுக்கு ஆறுதலாத்தான் இருக்கும், எனக்கும் தெரியுது. நம்ம வம்சத்துல மொதல் ஆளே ஒன்ன மாதிரிதாண்டா, ஒரே ஒரு அடிதாண்டான்னு சொன்னா, அவன் மொகம் எப்படி மாறும்னு எனக்குத் தெரியும். நான் தூக்கி வளத்த மொகமாச்சே. ஆனா எனக்கு என்னம்மா மிஞ்சும்? மன்னிக்கிறவளா அந்த வீட்டுக்குள்ள போறதுக்கும், மன்னிப்புக் கேக்குறவளாப் போறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

என்ன கேட்ட? எனக்கப்புறம் யாரு வெள்ளையடிப்பாங்களா?

பாக்கியசீலிதான் அடிக்கணும். வேற யாரு இருக்கா? எனக்குப் புள்ளையா குட்டியா? அவ அடிப்பா, நல்லாவே அடிப்பா. ஆனா... ஆமாம்மா. யாரு கல்லறைன்னு தெரியாம அவ எப்படி நெத்திய வைப்பா? எங்கள மாதிரி அவ சும்மா வைக்க மாட்டாளே. யாரு அண்ணி இதுன்னு கேப்பாளே.

அடடா, ஃபோனு. பட்டன் தெரியல. நீயே எடுத்து அந்த ஸ்பீக்கரப் போடும்மா. எடு.

பாக்கியம், நான்தான். சொல்லு. இல்ல, இல்ல, நான் பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன், மணப்பாறை தாண்டிட்டேன், இந்தா வந்துட்டேன், லெஸ்லிகிட்ட சொல்லு, நான் சரின்னு... எப்ப? விடியக்காலைலயா? வலியில்லாமப் போனானா? சரி. சரிம்மா. நீ அழாத. நீ அழல, சரி, நான்தான். பாக்கியம், கேளு, எடம் நான் தர்றேன், இப்பவே கல்லறைக் கமிட்டிக்கு ஃபோன் பண்றேன்... என்னது? எடம் கெடைச்சிருச்சா? எங்க?

யாரு குடுத்தா?

அந்தம்மாவா? அந்தம்மாவே சொல்லுச்சா? திரும்பச் சொல்லு பாக்கியம், எரைச்சல்ல கேக்கல. சரி. சரி. வையி.

நீயும் கேட்டல்ல? நான் மாத்திக் கேக்கல இல்ல? போன மாசம் எங்க வீட்டுலருந்து நேரா அங்கதான் போயிருக்கா. கேக்கக்கூட இல்லையாம், சும்மா சவரிராஜ் கல்லறைல உக்காந்திருந்தாளாம். அந்தம்மாவே வந்து என்னடின்னு கேட்டிருக்கு. இவ சொல்லியிருக்கா, மூத்தவங்க எடம் இல்லைன்னுட்டாங்கன்னு. அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, என் மகன் குழியத் தெறந்து வச்சுக்க, ரெண்டும் ஒண்ணாத் தின்னதுங்கதான, ஒண்ணாவே கெடக்கட்டும்னு சொல்லியிருக்கு. பெத்த புள்ளையக் கொன்னவனுக்கும்மா. கூடப் பொறந்த நான் இல்லைன்ன எடத்த அந்தம்மா குடுத்திருக்கு. காலைலருந்து அவ கூப்புட்டது எடம் கேக்குறதுக்கு இல்ல. அடக்கத்துக்கு வாங்க அண்ணின்னு சொல்றதுக்கு. நான் அழுவான்னு எடுக்காம உக்காந்திருக்கேன்.

நேத்து ஏறியிருந்தா உசுரோட பாத்திருப்பேன். நேத்து எனக்கு முட்டி வலி.

வண்டி அவன ஏத்திக்கிட்டு பொன்மலைக்குக் கெளம்பிடுச்சாம். நான் வையம்பட்டிக்குப் போயிக்கிட்டு இருக்கேன் பாரு. தம்பி, கண்டக்டர் தம்பி, நிறுத்தச் சொல்லுப்பா, எங்கயாவது ஓரமா நிறுத்து, எதிர்ப் பஸ்ஸ நான் புடிச்சுக்குறேன். அந்தப் பைய எடுத்துக் குடும்மா. முட்டிக்கென்ன, அது வலிக்கட்டும்.

மூணு மணிக்கு அடக்கமாம். அந்தம்மா குழிகிட்ட நிக்கும். நான் போயி அது முன்னால நிக்கணும். நெத்திய எங்க வைக்கிறது, என்ன சொல்றதுன்னு எங்க வீட்டுப் பொம்பளைங்க எனக்குச் சொல்லித்தான் குடுத்திருக்காங்க. அது வந்துடும். ஆனா பாரும்மா, ஒரே ஊரு, ஒரே கோயிலு, இத்தன வருஷமா சவரிராஜோட அம்மா, சவரிராஜோட அம்மான்னே சொல்லிட்டேன். இப்பக்கூட ஒன்கிட்ட அப்படித்தான் சொன்னேன். அந்தம்மாவுக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?

எனக்குத் தெரியாதும்மா. நான் கேட்டதே இல்ல.